அன்றைக்கு நீ சொன்ன 'ஒவ்'

கட்டுகஸ்தோட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ஃபாஸிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் தங்கச்சி ரிப்காவும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். உடம்பைக் கேட்டால் சுகம் என்று சொல்லலாம், மனதைக் கேட்டால் வேறு பதில்தான் வரும். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்ல தூக்கம் தூங்கி, தொழுகையை விடாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் இந்த விஷயத்தைத் தொடங்கினாலே 'சரி உம்மா, பொறகு எடுக்கிறேன்' என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வாப்பாவின் கூட்டாளி ஜவாஹிர் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார், அவரிடம் இதையும் ஒரு பெரிய உறையையும் ஒரு போத்தல் சீனிச் சம்பலையும் கொடுத்துவிடுகிறேன். முதலில் கடிதத்தைப் படி, பிறகு உறையைத் திற, சம்பல் கடைசியில்.

இங்கே மழை விட்டபாடில்லை. ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போகிறது, பாலத்தில் பஸ் நின்றால் நின்றதுதான், நான் பள்ளிக்கூடத்துக்குப் போவதற்குள் பாதிச் சீலை நனைந்துவிடுகிறது. ரிப்கா சோதனைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிப் போனைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள், நீ அண்ணன்காரன், ஒரு வார்த்தை கண்டித்துச் சொல். வாப்பா பிலிமத்தலாவைக் கடைக்குப் போய்வருகிறார், முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் இப்போது வீட்டில் பேசாமல் இருப்பது முழங்காலால் அல்ல. அந்தக் கோபம் என்மேல்தான். ஏன் என்று சொல்கிறேன்.

நீ இப்போது ஏசி வேலை செய்கிற கம்பனியின் ஒப்பந்தம் முடியப்போகிறது, புதிய கம்பனி உன்னை எடுக்கத் தயார், பழைய கம்பனி கேட்காத பொலிஸ் ரிப்போட் ஒன்று மட்டும் ஊரிலிருந்து வேண்டும் என்று சொன்னாய் அல்லவா. நானும் அது ஒரு சம்பிரதாயம் என்று நினைத்துத்தான் விண்ணப்பித்தேன். வந்ததைப் பிரித்துப் பார்த்தால் உன் பெயருக்குக் கீழே ஒரு வரி, இன்ன வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்டுத் தண்டப்பணம் விதிக்கப்பட்டவர் என்று. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகளின் அறையில் இருந்தேன். குற்றவாளி என்ற சொல்லை எத்தனையோ தடவை பேப்பரில் வாசித்திருக்கிறேன், அது ஒருநாள் என் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. வெட்கம் வரவில்லை மகன், எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை.

அது எந்த வழக்கு என்று உனக்குத் தெரியும். கேஸும் எண்ணெயும் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற அந்த வருஷம், நான் குசினியில் விறகு ஊதிக்கொண்டிருந்தபோது நீ வெறும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கேஸ் வரிசைக்குப் போனாய். லொறி வந்தது, யாரோ மறித்தார்கள், யாரோ கல் எறிந்தார்கள், பொலிஸ் வந்து எறிந்தவனை விட்டுவிட்டு நின்றவர்களை அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் நீதிமன்றத்துக்கு வாப்பா வந்து தண்டப்பணத்தைக் கட்டி உன்னைக் கூட்டிவந்தார். முடிஞ்சி, இனி அத பேச வாணாம் என்று அவர் சொன்னார், நாங்களும் பேசவில்லை. சிலிண்டர் தொலைந்ததைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்பட்டோம். முடிந்தது என்று நாம் நினைத்தது எங்கேயோ ஒரு கந்தோரில் முடியாமல் கிடந்திருக்கிறது.

அந்த வரியை எடுக்க முடியுமா என்று கேட்டு நான் அலைந்த அலைச்சலை எழுதினால் ஜவாஹிரின் பெட்டியில் இடம் போதாது. பொலிஸில் கேட்டால் நீதிமன்றத்தைக் கேளுங்கள் என்றார்கள், நீதிமன்றத்தில் கேட்டால் ரிப்போட் கொடுத்தவர்களைக் கேளுங்கள் என்றார்கள், அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை, இருக்கிறதைத்தானே மிஸ் நாங்க எழுதினோம் என்றாள். அவள் சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் இன்னும் கோபம். கடைசியில் என்னுடன் படிப்பிக்கும் ஒருவர் சொல்லி, கண்டியில் சஞ்சீவனி என்ற சட்டத்தரணியிடம் போனேன். நல்ல பிள்ளை, சுற்றி வளைக்காமல் பேசுகிறாள். இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்தால் சின்ன வழக்குகள் தானாக அழிந்துபோகாதா என்று கேட்டேன். அப்பிடி கையில எடுத்துக் காட்டக்கூடிய ஒரு சட்டத்த நான் இன்னும் காணல்ல மிஸ், பேச்சுத்தான் அடிக்கடி வரும் என்றாள். கொலை செய்தவனுக்கும் ஒருநாள் சிறைக்கதவு திறக்கிறது. கேஸ் வரிசையில் நின்றவனுக்கு எப்போது முடியும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. இதை நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள்கூட நம்பமாட்டார்கள்.

ஆனால் சஞ்சீவனி வழக்கேட்டின் பிரதியை எடுத்துப் பார்ப்போம் என்றாள். அதை எடுத்தும் ஆயிற்று. உன் பெயருக்கு எதிரே சிங்களத்தில் இரண்டே சொல், வரத பிளிகனீ. குற்றத்தை ஏற்றுக்கொள்கிறார் என்று அர்த்தம். அதனால்தான் அன்று இரவே உனக்குப் போன் எடுத்துக் கேட்டேன், நீ என்ன சொன்னாய் என்று. உனக்கே சிரிப்பு வந்தது. ஒவ்வொருத்தரா பேரக் கூப்பிட்டாங்க உம்மா, நான் ஒவ் சேர் என்டன், பொறகு ஒரு தாள வேகமா வாசிச்சாங்க, இன்னொன்னு கேட்டாங்க, முன்னால நின்டவங்க ஒவ் சேர் என்டாங்க, நானும் ஒவ் சேர் என்டன், வீட்டுக்குப் போலாமா என்டு கேக்கிறாங்கன்டு நெனச்சன் என்றாய். நீ சிரித்தாய், நான் சிரிக்கவில்லை. அவர்கள் கேட்டது வெரதிகருத நிவெரதிகருத என்று, குற்றவாளியா, குற்றமற்ற சுற்றவாளியா என்று. அதற்குப் போய் ஆம் ஐயா என்றிருக்கிறாய். நீ மார்க்கட்டில் பேரம் பேசுகிற சிங்களத்துக்குச் சிங்களக் கடைக்காரனே தோற்றுப்போவான், ஆனாலும் காக்கிச்சட்டையும் கறுப்புக் கோட்டும் நிற்கிற இடத்தில் விளங்காத எதற்கும் நம் பிள்ளைகளின் வாயில் முதலில் வருவது ஒவ் சேர்தான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிப்பிக்கிற எனக்கு இது தெரியாதா. எங்கள் பாடப்புத்தகத்தில் சந்தைக்குப் போகிற பாடம் இருக்கிறது, தபால் கந்தோருக்குப் போகிற பாடம் இருக்கிறது, கூண்டில் ஏற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு பாடம் இல்லை. இருக்கவும் கூடாது. அதற்குத்தான் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிற்கவேண்டும், அன்றைக்கு அவர் நின்றதாக ஏட்டில் ஒரு எழுத்தும் இல்லை.

இந்த நேரத்தில்தான் நஸீப் வந்தான், வெளிநாட்டு ஆட்களுக்குக் கடதாசி வேலை பார்த்துக் கொடுக்கிறவன். வாப்பா சொல்லித்தான் வந்தான் என்று பிறகு தெரிந்தது. உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே, கேஸ் எடுக்கப் போன புள்ளக்கி கேஸ் உழுந்திட்டா மிஸ் என்று பெரிதாகச் சிரித்தான். வரி இல்லாத ரிப்போட் ஒன்று எடுத்துத் தருவானாம், முத்திரையெல்லாம் அசல் மாதிரியே இருக்குமாம், அங்க டோஹாவுல ஈக்கிறவனுக்கு என்ன மிஸ் தெரியும் என்றான். உன்னிடமும் பேசியதாகவும் நீ உம்மாவுக்கு விருப்பமென்றால் சரி என்று சொன்னதாகவும் சொன்னான். நான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, வாப்பாவையும் கேட்கவில்லை. வாப்பா அன்றிரவு சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, படிச்ச பொம்புளக்கி எல்லாத்திலயும் சட்டம்தான், புள்ளட சோத்துல கை வெச்சிட்டீங்க என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு ரிப்கா வழியாகத்தான் போகிறது. அவர் கெட்டவர் அல்ல, உனக்கு வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பேசுகிறார். எனக்கும் அந்தப் பயம் இல்லாமலில்லை. இரண்டு மூன்று நாள் நானே என்னைக் கேட்டுப்பார்த்தேன், என் பிள்ளைக்கு நாடு செய்த அநியாயத்துக்கு ஒரு பொய்க் கடதாசியால் பதில் கொடுத்தால் என்ன பாவம் என்று. பதில் கிடைத்தது பள்ளிவாசலிலோ புத்தகத்திலோ இல்லை, நீதிமன்ற ஏட்டறையின் வாசலில்.

சஞ்சீவனி கேட்ட இன்னொரு பிரதிக்காக மறுபடி போன அன்று அங்கே ஒரு மெலிந்த பையன் நின்றான், அவனும் அதே வழக்கின் இலக்கத்தைச் சொல்லிக் கேட்டான். கலஹா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, பெயர் தினேஸ். அன்றைக்கு ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளி கொடுத்தனுப்பிய சிலிண்டரோடு வரிசையில் உனக்குப் பின்னால் நின்றவனாம். உன்னை அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொலிஸ் கூட்டுக்குள்ள இருக்கும்போது ஃபாஸில் அவுக பாண் துண்டைப் பிச்சு எனக்குப் பாதி குடுத்தாப்ல டீச்சர் என்றான். நீ இதை எங்களிடம் சொல்லவே இல்லை. அவனுக்கு வங்கி ஒன்றில் காவலாளி வேலை கிடைக்க இருந்திருக்கிறது, உடுப்பு அளவுகூட எடுத்துவிட்டார்கள், இதே வரி வந்து அந்த வேலை போய்விட்டது. இப்போது அதே சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறான். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். என்னாத்த சொல்றது டீச்சர், ஃபாஸில் ஒவ்னாப்ல, நானும் ஒவ்னுட்டேன் என்றான். முன்னால் நின்றவர்களைப் பார்த்து நீ சொன்னாய், உன்னைப் பார்த்து அவன் சொன்னான்.

சஞ்சீவனி இரண்டு பேருக்கும் சேர்த்து மேல் நீதிமன்றத்துக்கு மீளாய்வு மனு போடலாம் என்கிறாள். பிந்திவிட்டது என்று தள்ளவும் கூடும், நிச்சயம் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் தினேஸ் மட்டும் தனியாகப் போய், எனக்கு விளங்கவில்லை என்று சொன்னால், எல்லோரும் இப்போது அப்படித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிடுவார்களாம். அதே கூண்டில் பக்கத்தில் நின்ற இன்னொருவன், கேள்வி எப்படி வந்தது, யார் மொழிபெயர்த்தார்கள், யாருமே மொழிபெயர்க்கவில்லையா என்று சத்தியக்கடதாசியில் சொன்னால் அதற்கு ஒரு பாரம் இருக்குமாம். மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை, இருக்கிறவன் நீதான். நீ நஸீபின் ரிப்போட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு இங்கே நீதிமன்றத்தில் இந்த வழக்கைப் பற்றி வாய்திறக்க முடியுமா? முடியாது மகன். அந்தப் பொய்க் கடதாசி உன்னை ஒரு வேலைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு, இந்த வரியை உனக்கும் அவனுக்கும் சாகும்வரை உண்மையாக்கிவிடும்.

ஆகவே உறைக்குள் உண்மையான ரிப்போட்டை வைத்திருக்கிறேன், அதோடு வழக்கு இன்னது, தண்டப்பணம் கட்டியாயிற்று, மேல் நீதிமன்றத்துக்குப் போகிறோம் என்று சஞ்சீவனி ஆங்கிலத்தில் எழுதிய விளக்கமும் இருக்கிறது. அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீயே புதிய கம்பனி மனேஜரிடம் கொண்டுபோய்க் கொடு. எடுத்தால் எடுக்கட்டும். எடுக்காவிட்டால் அந்தப் பழி என்மேல், அதை நான் மறுக்கமாட்டேன், வாப்பாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன், ரிப்கா வழியாக. சத்தியக்கடதாசியின் வரைவும் அதே உறையில் தமிழில் இருக்கிறது. நீ சொன்னதாக எழுதியிருப்பது நீ சொன்னதுதானா என்று ஒவ்வொரு வரியாகப் பார், ஒரு சொல் பிழை என்றாலும் வெட்டித் திருத்து. என்னைத் திருப்திப்படுத்த எதையும் ஒத்துக்கொள்ளாதே. பிறகு தூதரகத்துக்குப் போய் அவர்கள் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இதைப் படித்து முடிக்கும்போது உனக்கு என்மேல் கோபம் வரும், உம்மா என் வாழ்க்கையை வைத்து நாட்டைத் திருத்தப் பார்க்கிறா என்று நினைப்பாய். நாட்டைத் திருத்த எனக்குத் தெம்பு இல்லை, இந்த ஒரு வரியைத் திருத்தத்தான் பார்க்கிறேன். கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காதே, கோபத்தோடேயே போய்க் கையெழுத்துப் போடு.

வெயிலில் கூரைமேல் ஏறும்போது தலைக்குத் துணி கட்டு, தண்ணீரைப் போத்தலில் கையோடு வைத்துக்கொள். அல்லாஹ் உன் உழைப்பில், ரிஸ்கில் பரக்கத் செய்யட்டும், உன் பெயரை உனக்குச் சுத்தமாகத் திருப்பித் தரட்டும், ஒவ்வொரு தொழுகையிலும் அதைத்தான் கேட்கிறேன். மறக்காமல் ஒன்று, தினேஸுக்கு உன் போன் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறேன். கடை பூட்டின பிறகு எடுப்பதாகச் சொன்னான், எடுக்கக் கூச்சமாக இருக்கிறது என்றும் சொன்னான். தெரியாத இலக்கம் என்று வெட்டிவிடாதே, அவனோடு பேசு.

துஆவுடன்,
உன் உம்மா,
பாயிஸா பாரூக்.