தூக்கி வைத்தால் வள்ளம்

அண்ணே,

இன்று பெட்ரோல் பங்கில் எனக்கு முன்னால் ஒருவர் கேனில் பெட்ரோல் வாங்கினார். ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் மிஷினுக்கு. அங்கேயே ஒரு ஆயில் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, கேனுக்குள் ஊற்றிக் குலுக்கினார். வாசனை வந்தது. ஆயில் கலந்த பெட்ரோலின் அந்த லேசான இனிப்பு.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். பின்னாலிருந்த ஜீப்காரர் ஹாரன் அடித்தார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

நீ போனதிலிருந்து இப்படித்தான். சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். அம்மா அழும்போது தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

உனக்கு வலிப்பு. வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அம்மாவுக்கு அது வெறும் "அது". அது வரும் என்பதால் உனக்குச் சைக்கிள் கிடையாது, கிணற்றடி கிடையாது, அடுப்பு கிடையாது. பைக் லைசென்ஸ் படிவத்தில் வலிப்பு உண்டா என்று கேட்டிருந்த இடத்தில் "உண்டு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். உன் சிநேகிதன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இல்லன்னு எழுதித் தொலைய வேண்டியதுதானல. யாரு வந்து பாக்கப் போறா?"

"எதிர்ல வாரவன் பாப்பாம்லா."

பிறகு அணைக்கரையில் இருந்த ஹோம்ஸ்டேயில் வேலைக்குச் சேர்ந்தாய். வருகிறவர்களுக்கு அறை காட்டுவது, போகிறவர்களிடம் சாவி வாங்குவது. அதன் முதலாளியை நாம் சேட்டன் என்று கூப்பிட்டோம். அவர், தான் சுற்றுவதற்காக ஒரு சின்ன ஃபைபர் படகு வைத்திருந்தார். பின்னால் ஒரு எஞ்சின். கைப்பிடியைத் திருகினால் வேகம், தள்ளினால் திசை. முதல் நாள் சாயங்காலம் நம் எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாய்.

"ஏட்டி, நீ படிச்சவதான. போட் ஓட்ட லைசென்ஸ் வேணுமா?"

நான் படித்தது இலக்கியம். தெரியவில்லை. பஸ் பிடித்து மலையிறங்கி, படகுகளைப் பதிவு செய்யும் ஆபீசுக்கு இரண்டு பேரும் போனோம். மேசைக்குப் பின்னாலிருந்தவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"எஞ்சின் உண்டோ?"

"இருக்கு சார். ஆனா வாடகைக்கு இல்ல. சும்மா சுத்தத்தான்."

"தண்ணிக்கு அறியுமோ, நீ சும்மா வந்தவனா வாடகைக்கு வந்தவனானு?"

அவரே சிரித்துக்கொண்டார். பிறகு நிதானமாக விளக்கினார். துடுப்புப் போட்டுப் போகிற வள்ளத்தில் உட்காருகிறவரிடம் லைசென்ஸ் கேட்பதில்லை. எஞ்சினைத் தண்ணீரில் இறக்கி ஓட்டினால், சொந்தச் சந்தோஷத்துக்குத்தான் என்றாலும், ஓட்டுகிறவர் கையில் லைசென்ஸ் வேண்டும். வயது பார்ப்பார்கள். கண் பார்ப்பார்கள். நீச்சல் தெரிய வேண்டும். டாக்டர் சர்டிபிகேட்.

டாக்டர் என்றதும் நீ எழுந்து, "சரிங்க சார்" என்று கும்பிட்டாய். வந்த வேலை முடிந்துவிட்டது போல.

திரும்பும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அப்புறம் சொன்னாய்: "அப்ப, எஞ்சினத் தூக்கி வச்சா வள்ளம். எறக்குனா போட். அம்புட்டுதான."

அதற்குப் பிறகு, கோயில் ஆராதனை முடிந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வள்ளம். சேட்டன் சம்மதித்தார். லைஃப் ஜாக்கெட் போட வேண்டும், நான் கூட இருக்க வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. நான் துடுப்பால் துழாவுவேன். நீ பின்னால் உட்கார்ந்து, தூக்கி வைத்திருந்த எஞ்சினின் கைப்பிடியைத் திருகிக்கொண்டு, வாயால் டுர்ரென்று சத்தம் கொடுப்பாய். எஞ்சினின் விசிறி காற்றில் சும்மா நிற்கும்.

"டேய், ஸ்பீடு கொறைக்கடா! போலீஸ் பிடிக்கும்!" சேட்டன் கரையிலிருந்து கத்துவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுவில் சத்தத்தை நிறுத்தினாய்.

"நீ எடுட்டி."

"என்னத்த?"

"லைசென்ஸ."

"எனக்கெதுக்கு?"

"ஒனக்கில்ல."

எடுத்தேன். பழகப் போனேன், முடிச்சுப் போடக் கற்றேன், நீந்திக் காட்டினேன். சோதனை அன்று அதே ஆபீசர் இருந்தார். என்னை ஞாபகம் வைத்திருந்தார்.

"அன்னைக்கு வந்த அண்ணன் எவிடெ? அவருக்கு வேண்டாமோ?"

"வெளிய நிக்குது சார். அண்ணனுக்குத்தான் சார் இது."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. முத்திரை வைத்தார்.

லைசென்ஸோடு போன முதல் நாள் பெட்ரோலில் ஆயில் கலந்தது நீ. கையை உன் சட்டையிலேயே துடைத்தாய். அணையின் நடுவுக்குப் போனதும், கைப்பிடியை விடாமல் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

"வா. பிடி."

"எனக்கு லைசென்ஸ் இல்ல."

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. உன் முகம், அந்தப் படிவத்தில் "உண்டு" என்று எழுதியவனின் முகமாகவே இருந்தது. இதற்காகத்தானே எடுத்தேன் என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும். நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பிறகு மெதுவாக என் பக்கத்தில் வந்து, கைப்பிடியில் இருந்த என் கையின் மேல் உன் கையை வைத்தாய்.

"பிடிச்சிருக்கது நீ. நான் ஒன்னத்தான் பிடிச்சிருக்கேன். எவன் கேப்பான்?"

திருகினோம். யார் திருகினது என்று என்னால் சொல்ல முடியாது. படகின் மூக்கு எழுந்தது. மலை வளைந்து வந்தது. நீ வாயால் சத்தம் கொடுக்கவில்லை, தேவைப்படவில்லை.

கரைக்கு வந்தபோது என் உள்ளங்கை மரத்துப் போயிருந்தது. எஞ்சின் அதிர்வு. உனக்கும் அப்படித்தான். என் கை வழியாகவே அது உன் கைக்கு ஏறியிருந்தது. நீ விரல்களை உதறி உதறிச் சேட்டனிடம் காட்டினாய்.

"மரத்துப் போச்சு சேட்டா! ஓட்டுனா மரக்கும்லா!"

அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மழையில் படகு எடுக்க வேண்டாம் என்றார் சேட்டன். நாம் காத்திருந்தோம்.

நீ போனது தெரிந்து வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். தண்ணியிலயா? இல்லை என்றோம். கட்டிலில். தூக்கத்தில் அது வந்து. எந்தச் சர்டிபிகேட்டும் கேட்காத இடத்தில். சவப்பெட்டியை மூடும்போதும் உன் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வேறு சட்டை, ஆயில் கறை இல்லாத புதிது.

இன்று பங்கிலிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை. அணைக்கரைக்குப் போனேன். ஏன் என்று கேட்காதே. சேட்டன் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார்.

"எஞ்சின் சும்மா கெடந்தா இறுகிப் பிடிச்சிரும் மோளே," என்றார். முழங்காலைத் தடவிக்கொண்டார். "எனக்கு இப்ப முட்டு வய்யா. நீ ஒரு ரவுண்டு எடுக்குமோ? லைசென்ஸ் உண்டல்லோ."

உண்டு என்றேன். பர்சில்தான் இருந்தது.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டேன். ஆயில் கலந்தேன். எஞ்சினை இறக்குவதற்கு முன் கொஞ்ச நேரம் துழாவினேன். அதுவரை வள்ளம். பிறகு எஞ்சினை இறக்கிக் கயிற்றை இழுத்தேன். உடனே பிடித்தது. கரையில் சேட்டன் நின்றார். எதுவும் கத்தவில்லை.

நடுவில் ஒரு வட்டம் போட்டுத் திரும்பினேன். அழவில்லை. இப்போது படித்துறையில் உட்கார்ந்து, போனில் ஒரு விரலால் இதை எழுதுகிறேன்.

உள்ளங்கை மரத்துவிட்டது. விரல்களும். நீ சொன்னது போலத்தான்.

அன்று உன் கை இருந்த புறங்கை மட்டும் மரக்கவில்லை அண்ணே. போன வழியெல்லாம் அதன் மேல் காற்றுப் பட்டது. குளிர்ந்தது.