கடுப்பு என்று நான் எழுதிவைத்தது

ஜூலை 7, திங்கள்

காலை ஆறு மணிக்கே வெயில். மாடியில் கிடந்த யூனிபார்ம் மொறமொறப்பு. அந்த ஒரு லாபம்.

இந்த நோட்டு கம்பெனி கொடுத்தது. போன புதன், சாப்பாட்டுக்குப் பிறகு கேன்டீனில் கூட்டம். மனநலத்துக்கென்று ஒரு கவுன்சலர் மேடம் வந்திருந்தார். இருபத்தெட்டு வயதிருக்கும். இந்த மாதம் முழுக்க புதன்தோறும் வருவாராம். தினமும் ஐந்து நிமிடம் மூச்சைக் கவனிக்க வேண்டும். மனசு எப்போதெல்லாம் ஆடுகிறதோ அப்போதெல்லாம் மூன்று விஷயம் எழுத வேண்டும்: என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, அதற்குப் பெயர் என்ன. யாருக்கும் காட்ட வேண்டாம்.

நாற்பத்தொரு வயதில் வீட்டுப்பாடம். சரி, ஆரம்பம்.

நடந்தது: கம்பெனி பஸ்ஸில் ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்காரவில்லை. நேராக முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.
எங்கே: தொண்டை.
பெயர்: கடுப்பு.

(இனி ஸ். என்று மட்டும் எழுத வேண்டும். நோட்டு யார் கையிலாவது கிடைத்தால் வம்பு. முழுப் பெயரை ஏற்கெனவே எழுதிவிட்டேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.)

பதினோரு வருடம். மறைமலைநகரில் இந்தக் கம்பெனியில் இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தோம். காருக்கு வயர் கட்டும் லைன். செங்கல்பட்டிலிருந்து ஒரே பஸ், ஒரே சீட்டு, என் டப்பாவில் அவள் கை, அவள் டப்பாவில் என் கை. இப்போது நான் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில். அவள் மூன்று மாதமாக லைன் லீடர், தற்காலிகமாக. மாதக் கடைசியில் நிரந்தரம் ஆக வேண்டும்.

சனிக்கிழமை காலை மீட்டிங்கில், மேனேஜர் முன்னால், அவள் லைனில் வந்த இருபத்துநாலு பீஸில் மஞ்சள் வயரும் நீல வயரும் இடம் மாறியிருந்ததைச் சொன்னேன். தப்பைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

ஜூலை 8, செவ்வாய்

மூச்சுப் பயிற்சி, முதல் நாள். பூஜை அலமாரிக்கு முன்னால் பாய். கண்ணை மூடி ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும்.

மூன்று வரை போனேன். அதற்குள் வந்தவை: மாவு புளித்திருக்குமா. நித்யாவுக்கு கணக்கு டியூஷன். கேஸ் புக் செய்தேனா. ஸ். முதுகு. மறுபடி மாவு.

இவர் ஹெல்மெட்டோடு வந்து நின்றார். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் ஏசி மெக்கானிக், ஏழு மணிக்குக் கிளம்புவார்.

“இன்னா, தூங்கிகினு கீறியா?”

“மூச்ச கவனிச்சிகினு கீறேன்.”

“அதான் தானா வந்துகினு கீதே. அதுக்கு இன்னாத்துக்கு ஒரு ஆளு?”

நாஸ்தா கட்டிக் கொடுத்தேன்.

இன்றைய கணக்கு: டேப் ரோல் தீர்ந்து லைன் நின்றது, கடுப்பு. கேன்டீன் ரசம், கடுப்பு. ஸ். புதுப் பெண் ஒருத்தியோடு சிரித்துக்கொண்டு சாப்பிட்டாள், கடுப்பு. இன்னும் சில்லறையாக ஐந்து, எல்லாம் கடுப்பு.

ஜூலை 9, புதன்

சாயங்காலம் இடி மின்னலோடு மழை. பஸ் பரனூர் டோல்கேட்டில் அரை மணி நேரம் நின்றது. நனைந்த தார் வாசனை. நன்றாகத்தான் இருந்தது.

மேடம் இன்று எல்லோரையும் விசாரித்தார். “எழுதினதைக் காட்ட வேண்டாம். எப்படிப் போகுதுன்னு மட்டும் சொல்லுங்க.”

எல்லோரும் நல்லா போகுது மேடம் என்றார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “ஒம்பது தடவ எழுதினேன் மேடம். ஒம்பதும் கடுப்புதான்.”

சிரித்தார். “ஒன்பதும் ஒரே கடுப்பா? சாம்பார்ல கத்தரிக்காய், முருங்கைக்காய், பூசணிக்காய்னு போட்டுட்டு எல்லாத்துக்கும் ‘காய்’னு மட்டும் பேர் சொல்வீங்களா? ஒண்ணொண்ணா எடுத்துப் பாருங்க.”

மொத்தக் கேன்டீனும் சிரித்தது. ஸ். கூட. பத்தாவது கடுப்பு.

ஜூலை 11, வெள்ளி

வெயில், புழுக்கம்.

மேனேஜர் கூப்பிட்டார். கண்ணாடி அறை. ஏசி குளிர்.

“பரிமளா, உக்காருங்க. அந்த இருபத்துநாலு பீஸ் விஷயம். நல்லவேளை, வெளிய போகல, உங்க மேசையிலயே பிடிச்சிட்டீங்க. ஆனா மாத்தின டிராயிங்கைப் பார்க்காம ஓட்டியிருக்காங்க ஸ்டெல்லா. லீடருக்கு அது சரிவராது. லைனை நீங்க எடுத்துக்கிறீங்களா?”

திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வந்தேன்.

எங்கே: கன்னம். சிரிப்பு அடங்கவே இல்லை. பாத்ரூம் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன், அசடு மாதிரி.
பெயர்: சந்தோஷம். (கடைசியில் வேறு ஒன்று!)

பஸ்ஸில் ஸ். எனக்கு நாலு சீட்டு முன்னால். கழுத்தைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டு வந்தாள்.

எங்கே: வயிறு.
பெயர்: பசி.

இல்லை. பஸ் ஏறுவதற்கு முன்புதான் இரண்டு பஜ்ஜி தின்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

இவர் கறி வாங்கப் போயிருக்கிறார். நித்யா தலைக்குக் குளிக்கிறாள். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி, 4ஆம் தேதி. மூன்று மணிக்கு ஆபீஸ் பையன் மாற்றிய டிராயிங் தாள் கொண்டுவந்தான். எந்த வயர் எந்த ஓட்டையில் போக வேண்டும் என்று காட்டும் தாள். ஸ். அப்போது ஸ்டோருக்குப் போயிருந்தாள். “அக்கா, லீடர் வந்தா குட்த்துடுங்க” என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

நான் கொடுக்கவில்லை.

மறக்கவில்லை. மேசையில் பெட்டிக்கு அடியில் வைத்தேன். பத்து நிமிடம் கழித்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்தும் அதையே நினைத்தேன். ஐந்து மணி வரை பழைய தாளைப் பார்த்து அவர்கள் கட்டினார்கள், புதிய தாளைப் பார்த்து நான் சோதித்தேன். இருபத்துநாலு. ஷிப்ட் முடியும்போது அவள் மேசையில் மற்றக் காகிதங்களுக்கு நடுவே அந்தத் தாளைச் செருகினேன். ரொம்ப நேரமாக அங்கேயே கிடந்த மாதிரி.

மறுநாள் மீட்டிங்கில் எழுந்து நின்று சொன்னேன்.

எங்கே: எல்லா இடத்திலும்.
பெயர்: பொறாமை.

மூன்று மாதமாக. அவள் லீடரின் நீல பேட்ஜ் போட்டுக்கொண்டு வந்த நாளிலிருந்து. ஒரே நாளில் சேர்ந்தோமே, ஏன் அவள்? அன்று கைகொடுத்தது நான்தான் முதலில். சர்க்கரை போட்டுப் பாயசம் வைத்துக் கொண்டுபோனதும் நான்தான்.

எழுதி முடித்ததும் பின்னால் யாரோ மூச்சு விட்ட மாதிரி இருந்தது. திரும்பினேன். குக்கர்.

நித்யா துண்டோடு வந்து நின்றாள்.

“மா, இன்னாத்துக்கு அழுவுற?”

“வெங்காயம்டி.”

“இன்னும் உரிக்கவே இல்லியே.”

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது. பார்த்துவிடுகிறார்கள்.

ஜூலை 14, திங்கள்

காற்று மட்டும். மழை இல்லை.

நடந்ததை நடந்தபடி.

எட்டே முக்காலுக்கு மேனேஜர் அறை. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

“சார், அந்த டிராயிங் ஸ்டெல்லா கைக்கே போவல. எங்கிட்ட குட்த்தாங்க. நான்தான் வச்சிகினேன்.”

“மறந்துட்டீங்களா?”

இங்கே ஒரு கதவு திறந்திருந்தது. ஆமாம் என்றால் போதும்.

“இல்ல சார். வேணும்னே.”

பேனாவை மூடி வைத்தார். “இதை ஏன் இப்ப சொல்றீங்க?”

“லைன எடுத்துக்கிறியான்னு கேட்டீங்களே சார். அத வாங்கிகினு அவ மூஞ்சிய எப்டி பாக்கறது?”

எழுதித் தரச் சொன்னார். எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். லீடர் பேச்சு இனி இரண்டு வருடத்துக்கு இல்லை என்றார். வாசலுக்கு வந்தபோது, “ஸ்டெல்லாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

சாப்பாட்டு நேரம். கை கழுவும் குழாயடி. ஸ். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். கருப்பு பிரேம், அவள் முகத்துக்குப் பெரிது. பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மூட மறந்துவிட்டேன்.

அவள்தான் மூடினாள்.

“நான் கண்ணு டாக்டராண்ட போயி வந்தேன்டி” என்றாள். “எதிர்ல கீற தாளு கூட தெர்லியே, எனக்கு கண்ணுதான் போச்சுன்னு. ஒரு வாரமா பயந்துகினு கீறேன்.”

கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

திட்டியிருக்கலாம்.

ஜூலை 15, செவ்வாய்

ஸ். முன் சீட்டு.

செய்தவை: தாள் வந்தால் வாங்கியதும் கொடுத்துக் கையெழுத்து வாங்க ஒரு ரெஜிஸ்டர் ஆரம்பித்தேன். மேனேஜர் வந்து புரட்டிப் பார்த்தார். இவரிடம் எல்லாம் சொன்னேன். “பேஜாரு பண்ணிட்டியே” என்றார். அப்புறம் தோசையை அவரே வார்த்தார். முதல் இரண்டும் கல்லில் ஒட்டிக்கொண்டன. சாப்பிட்டேன்.

மூச்சு: பத்து வரை போனேன்! சொல்ல ஆளில்லை. ஸ்.-இடம்தான் சொல்லியிருப்பேன்.

ஜூலை 16, புதன்

மேடம் என்னைப் பார்த்ததும், “வேற காய் ஏதாவது கிடைச்சுதா?”

“கிட்ச்சிது மேடம். செம கசப்பு.”

விவரம் கேட்கவில்லை. நல்ல பெண். “பேர் வச்சாச்சுல்ல, இனிமே அது வந்தா அடையாளம் தெரியும்” என்றார். போகப் போகக் குறையுமா என்று கேட்டேன். “வரும். வரும்போது ‘வாம்மா, நீயா’ன்னு கேளுங்க.” பாகற்காயோடு பேசச் சொல்கிறார். பார்க்கலாம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலையிலேயே ஆரம்பம். வெயில் சுள்ளென்று.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். “நவுரு.”

ஸ்.

நகர்ந்தேன். உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி சொன்னாள். “கோவம் இன்னும் போவல. அது போற வரிக்கும் உங்கூட பேச மாட்டேன். முன் சீட்டுல வெயிலு. பக்கத்துல குந்தற அந்தம்மா வேற எப்ப பாரு மருமவன் கத. அதான் வந்தேன்.”

“சரி.”

பரனூர் டோல்கேட் தாண்டியதும்: “இன்னாத்துக்குடி அப்டி பண்ண? நான் உனக்கு இன்னா பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல. பொறாமைடி.”

“பொறாமையா? எம்மேலயா?”

“உம்மேலதான்.”

சிங்கப்பெருமாள்கோவில் வந்துவிட்டது. ரயில்வே கேட் பக்கம் ஒரே கூட்டம். ஸ். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். வாய் ஓரம் என்னவோ நடந்துகொண்டிருந்தது.

“எம்மேல கூட ஒருத்தி பொறாமப்படறாளா!” என்றாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. உடனே, “பேச மாட்டேன்னு சொன்னேன் இல்ல, வாய மூடு” என்றாள். நான் பேசவே இல்லை.

இறங்கும்போது: “கண்ணுல பவர் நெசமாவே கீதாம். டாக்டர் சொன்னாரு. அதுக்காவ உன்ன வுட்டுட்டேன்னு நெனைக்காத.”

ஜூலை 19, சனி

ஸ். நிரந்தரம். மாதக் கடைசிக்குக் காத்திருக்காமல் மேனேஜர் இன்றே மீட்டிங்கில் சொல்லிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும்.

வந்தது. மார்புக்கு நடுவில், சின்னதாக, சூடாக. வாம்மா, நீயா.

கை தட்டி முடிப்பதற்குள் பாதி போயிருந்தது. மீதி, மீட்டிங்கில் கொடுத்த கேசரியைச் சாப்பிடும்போது.

என் எச்சரிக்கைக் கடிதமும் இன்றே கொடுத்தார்கள். பீரோவில், புடவைக்கு அடியில்.

ஜூலை 20, ஞாயிறு

மாமல்லபுரம். ஸ்.-தான் கூப்பிட்டாள். “எங்கனா போலாம்டி, வூட்லயே இருந்தா மண்ட காயுது.” அவள் சர்ச்சில் பூசை முடித்து வந்ததும் திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் போனோம். இவருக்கு டியூட்டி, ஓட்டல் வாசலில் ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினார்.

கடற்கரையில் கூட்டம். காற்று பலம், அலை பெரிது. மிளகாய்த்தூள் போட்ட மாங்காய், வறுத்த மீன் ஆளுக்கு ஒன்று, என்னுடையதில் பாதியும் அவளுக்கு. மணலில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். நாலு எண்ணுவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

“பரி, ஒண்ணு சொல்லட்டா? கோச்சிக்க மாட்டியே?”

“சொல்லு.”

“நாலு வருசம் முன்ன, உனக்கு இன்ஸ்பெக்‌ஷன் மேச குட்த்தாங்களே. அப்ப எனக்கு ஒரு வாரம் ஜொரம்னு லீவு போட்டேன் இல்ல?”

“ஆமா.”

“ஜொரம் இல்ல.”

அவளுக்கும் அதே பாகற்காய். புரிந்ததும் எழுந்தே நின்றுவிட்டேன். “அடிப்பாவி! ஒரு வாரம் டூட்டி முட்ச்சி, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்து வந்து உனக்கு கஞ்சி குட்த்தேனேடி!”

“கஞ்சி நல்லாதான் இருந்துது. அதான் ரெண்டு நாள்ல தீர வேண்டியது ஒரு வாரமாச்சி.”

அவள் தோளில் ஓர் அறை. அவள் என் புடவையைப் பிடித்து இழுக்க, இரண்டு பேரும் மணலில். ஒரு வடநாட்டுக் குடும்பம் எங்களைப் போட்டோ எடுத்தது. எடுக்கட்டும்.

நாளைக்குக் காலை ஷிப்ட். ஸ்.-க்குக் கஞ்சி வேண்டுமாம், பூண்டு தட்டிப் போட்டு. துவையலும்.