கல்லறை மேல் அடப்பங்கொடி

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் மறைந்து பதினொரு திங்கள் கழித்து இம்மடலை எழுதுகிறேன். காலதாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். "ஏட்டி, கலெக்டருக்கு மனுவா எழுதுத?" என்று தாங்கள் சிரிப்பது கேட்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், நூலகத்தில் அமர்ந்து நானே கற்ற தமிழ் இது. இதை மாற்றிக்கொள்வதற்கில்லை.

என் மேசை மீது உள்ளங்கை அளவில் மெருகிட்ட கிரானைட் துண்டு ஒன்று இருக்கிறது. தங்கள் மகள் கொண்டுவந்து வைத்த மாதிரிக் கல். கல்லறைத் திருநாளுக்குள் தங்கள் கல்லறை முழுவதையும் இக்கல்லால் மூடிவிட எண்ணியிருக்கிறாள். அதற்கு அங்கே படர்ந்திருக்கும் அடப்பங்கொடியைப் பிடுங்க வேண்டும். நட்டவள் நான் என்பதால் ஒரு வார்த்தை கேட்க வந்தாள்.

அக்கொடி, தென்காசியில் நாம் இருவரும் சேர்ந்து நடத்திய செடிக்கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? உவரிப் பக்கத்துத் தங்கள் பிறந்த ஊரிலிருந்து, ஈரத்துணியில் சுற்றி, பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தீர்கள். ஆட்டுக்குளம்பு போல் பிளந்த இலை. கடற்கரை மணலெங்கும் ஊதாப் பூவாய்க் கிடக்கும் என்றீர்கள். நானோ வேளாண் இதழ்களை வரிவரியாய்ப் படித்த தெம்பில், செம்மண்ணும் சாணமும் மண்புழு உரமும் கலந்து பெரிய தொட்டியில் நட்டேன். இரு வேளையும் நீர் ஊற்றினேன். இலைகள் தழைத்தன; மொட்டு ஒன்றுகூட இல்லை.

"மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குப் போடுத மாதிரி போடுதியே! அது பட்டினியில வளந்த புள்ளட்டி. மணல்ல தூக்கிப் போடு, வெயிலு படட்டும்."

"புத்தகத்துல அப்படி இல்லக்கா."

"புத்தகம் எழுதுனவன் கடலப் பாத்திருக்க மாட்டான்."

குற்றாலச் சாரல் தொடங்கியதும் வேர் அழுகிற்று. அழுகாத ஒரு கணுவை மட்டும் அறுத்தெடுத்து, கடைக்குப் பின்னால் வீடு கட்டி மிஞ்சிய மணற்குவியலில் செருகினீர்கள். மறு கோடையில் அது பூத்தது. அன்று முழுதும் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "இவ கொன்னா, நான் பொழைக்க வச்சேன்" என்று சொல்லி என்னை வெட்கப்படுத்தினீர்கள். தவறு என்னுடையதே என அன்று ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

தங்களை அடக்கம் செய்த பின், தென்காசி மண் தங்களுக்குப் புதிதல்ல என்றாலும், இரண்டு சாக்கு மணலைக் கொண்டுபோய்க் கொட்டி அந்தக் கொடியிலிருந்து ஒரு துண்டை நட்டேன். எவரையும் கேட்கவில்லை.

மாதிரிக் கல்லை என் மேசை மீது வைத்துவிட்டுத் தங்கள் மகள் கேட்டாள்: "எல்லாரு கல்லறையும் பளபளன்னு இருக்கு. எங்கம்மைக்கு மட்டும் காடு மண்டிக் கெடக்கு. பாக்குதவங்க என்ன நினைப்பாவ? கொடி வைக்கச் சொல்லி அம்மா உங்ககிட்ட எதுவும் சொன்னாவளா சித்தி?"

ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கொடி அப்போதே தப்பியிருக்கும். அவள் மறுபேச்சின்றிக் கல்லைத் திரும்ப எடுத்துப் போயிருப்பாள். தாங்கள் சொல்லாத ஒன்றைத் தங்கள் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"சொல்லலம்மா. நானாத்தான் நட்டேன். புடுங்கணும்னா நாளைக்குக் காலையில என் கூட வந்து, பாத்துட்டுப் புடுங்கு" என்றேன்.

விடிந்ததும் சென்றோம். அடப்பம்பூ நண்பகலுக்குள் வாடிவிடும்; காலையில்தான் அதன் மதிப்புத் தெரியும். கல்லறை முழுதும் ஊதாவாய் விரிந்திருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மணலோரம் உட்கார்ந்தாள்.

"அம்மா ஊர்ல கடலுக்குப் போற வழியெல்லாம் இதுதான கெடக்கும்" என்றாள். மண்ணில் சாய்ந்திருந்த ஒரு பூவை விரலால் நிமிர்த்திவிட்டு, "தலைமாட்டுல மட்டும் கல்லு வைப்போம் சித்தி. பேரு தெரியணும்லா" என்றாள்.

ஒப்புக்கொண்டேன். அது நியாயமான கோரிக்கை.

இன்றும் எந்தச் செடிக்கும் நீர் ஊற்றுமுன் விரலை மண்ணில் விட்டுப் பார்க்கிறேன். ஈரமிருந்தால் கை தானாக நின்றுவிடுகிறது. எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத அடக்கம் அது, தங்களிடமிருந்து பெற்றது.

கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார். இந்த ஏற்பாட்டில் தங்களுக்கு மறுப்பு ஏதேனும் இருப்பின், அதற்குள் விரைந்து பதில் எழுதுக.