பறக்காத பூநாரைகள்

ஞாயிறு, தை கடைசி

இன்று என் முறையைத் தாண்டி வேறு படகை அனுப்பினார்கள். செய்தவன் என் அக்காள் மகன் செல்வம். சுற்றுலாப் படகுகளின் வரிசையை அவன்தான் பார்க்கிறான். ஏரியில் வலை போடும் முறையைப் பாடு என்போம். அதில் பகையாளியின் முறையைக்கூட எங்கள் ஊரில் யாரும் தாண்டியதில்லை.

"இன்னா மாமா பண்றது? உன் படகுல போனா பூநாரை பறக்கவே மாட்டேங்குதுனு ஜனங்க திட்டுறாங்க" என்றான். மற்றவர்கள் மோட்டாரோடு கூட்டத்துக்குள் புகுந்து, பறவைகளைக் கலைத்துக் காட்டுகிறார்கள்.

"பறக்கணும்னா பட்டம் வாங்கி வுடச் சொல்லுடா" என்றேன். கரையே சிரித்தது.

மதியம் மோட்டார் சத்தத்துக்குப் பயந்து ஒரு சிறுமி எந்தப் படகிலும் ஏறாமல் அழுதாள். வேறு வழியில்லாமல் செல்வம் அந்தக் குடும்பத்தை என்னிடம் அனுப்பினான். கழி ஊன்றியே கொண்டுபோனேன். பறவைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டே கிட்டே வந்தன. சிறுமியும் தலையைக் கவிழ்த்து முறுக்கு தின்று காட்டினாள். புரையேறியும் சிரித்தாள். இறங்கியதும் அவள் அப்பா செல்வத்திடமே, "அடுத்த வாரமும் இந்தப் பெரியவர் படகுதான்" என்றார். இரவு சோறு ருசித்தது.

இருந்தாலும் தவறு தவறுதான். என் பாடு எனக்குத்தான் என்று செல்வம் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பறவை தெரிந்ததும் மோட்டாரை நிறுத்த வேண்டும். பிளந்த கழி முனைக்கு நான் கயிறு சுற்ற வேண்டும். சிறுபிள்ளை அளவில் ஒரு லைஃப் ஜாக்கெட்டும் வாங்க வேண்டும். பூநாரைகள் ஒன்றும் செய்ய வேண்டாம். மேய்ந்தால் போதும்.