செம்புத் தண்ணீர்

20 ஜூலை 1957, சனி. தென்காசி.

விடியற்காலையில் எங்களுக்கு ஆண்பிள்ளை பிறந்தான். மூச்சுவிடவே பாடுபட்டான். "நிக்காது போல இருக்கு" என்றாள் மருத்துவச்சி கோமதி. என் கையில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுச் ஞானஸ்நானம் கொடுக்கப் பங்குச் சாமியாரைக் கூப்பிடக் கோயிலுக்கு ஓடினேன்.

தாத்தா, அப்பா, நான், எல்லோரும் அந்தக் கோயிலின் பழைய கல்தொட்டியில்தான் ஞானஸ்நானம் பெற்றோம். இவனுக்கும் அதே தொட்டித் தண்ணீர், சாமியார் கையால் என்று ஆசைப்பட்டுவிட்டேன். சாமியார் சுரண்டைக்குப் போயிருந்தார். சாரலில் நனைந்துகொண்டே திரும்பி வந்தேன். அதற்குள் போய்விட்டான்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் புதைத்தோம். மணியும் இல்லை. இந்தக் கோயிலில் யார் செத்தாலும் மணி அடிக்கிறவன் நான். இன்று கயிற்றைத் தொடவில்லை.

சாயந்திரம் மனைவி மரியபுஷ்பம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடியே கேட்டாள். "ஆபத்துன்னா யாரு வேணும்னாலும் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கலாம்னு பிள்ளைகளுக்கு நீங்கதான சொல்லிக் குடுக்கிய?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

செம்பு வைத்த இடத்திலேயே இருக்கிறது. தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை.

உபதேசியார் என்று ஊரே மரியாதை கொடுக்கிறது. நாளைக்குப் பூசை முடிந்ததும் ஞானோபதேச வகுப்பு. போன வாரம் படித்துவரச் சொன்னது அவள் கேட்ட அந்தப் பாடத்தைத்தான். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து ஒப்பிப்பார்கள். சரி, தப்பு என்று நான் சொல்ல வேண்டும்.