பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸும் 1.2 லென்ஸும்

ஜன. 18, ஞாயிறு

காலையில் பனி. குன்றத்தூர் மலைக் கோயில் எட்டு மணிக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. நேற்றுத் துவைத்த யூனிபார்ம் இன்னும் ஈரம்.

திருவல்லிக்கேணி போய் வந்தேன். நஸ்ரீன் கடை. பழைய கேமராக்களைச் சரி பார்த்து விற்கிறாள். கடைக்கு மேலே ஒரு நீள அறை. வருடம் ஒரு முறை அதைத் தட்டி வைத்து ஆறாகப் பிரித்து, பெண்கள் பிலிமில் எடுத்த படங்களை மாட்டுவார்கள். ஆளுக்கு ஒரு சுவர். போன வருடம் என் படங்கள் திரும்பி வந்தன. தேர்வு செய்த அம்மா சொன்னது இன்னும் காதில்: "எல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா யார் எடுத்ததுன்னு தெரியலை."

இந்த முறை எதை எடுப்பது என்பதில் சந்தேகமே இல்லை. எங்கள் கம்பெனி பஸ், நம்பர் 12. குன்றத்தூரில் 5.10க்குக் கிளம்பி, பிள்ளைப்பாக்கம் வழியாக ஒரகடம். முதல் ஷிப்ட் பெண்கள் முப்பத்து நாலு பேர். ஆறு வருடமாக அதில்தான் போகிறேன். இந்த வெள்ளிக்கிழமையோடு நிறுத்துகிறார்கள். அப்புறம் பெரிய ஏசி பஸ்ஸாம். ஆக, எனக்கு ஐந்து காலைகள். அடுத்த ஞாயிறு மாலைக்குள் படங்கள் நஸ்ரீன் கையில் இருக்க வேண்டும்.

தடை, வெளிச்சம். பஸ்ஸுக்குள் மூன்று விளக்கு. ஓடும்போது டிரைவர் ஏழுமலை அண்ணன் இரண்டை அணைத்துவிடுவார், முன்கண்ணாடியில் அடிக்கிறது என்று. என் ஜூம் லென்ஸின் திறப்பு 3.5. எண் குறையக் குறைய திறப்பு பெரிது, ஒளி அதிகம். 3.5-ஐ வைத்து அந்தக் குலுக்கலில் எடுத்தால் முகமெல்லாம் கஞ்சிதான்.

நஸ்ரீன் மூன்று லென்ஸ் கொடுத்தாள். ஒரு வாரத்துக்கு. மூன்றும் என் கேமராவில் திருகி மாட்டலாம்.

– ரஷ்ய 58 மி.மீ. திறப்பு 2. பின்னால் இலை, செடி இருந்தால் அதைச் சுழற்றிக் காட்டும்.
– ஜப்பான் 50. திறப்பு 1.4. வயதாகி, கண்ணாடி டீ நிறம். கறுப்பு வெள்ளைக்கு அதனால் பாதகம் இல்லை.
– ஜப்பான் 55. திறப்பு 1.2. முன்கண்ணாடி டீ டம்ளர் வாய் அகலம். கனம்.

"கடைசியா இருக்கறதை சும்மா பாக்கத்தான் தர்றேன். முழுசாத் திறந்தா பஞ்சு மிட்டாய். வாங்கின நாலு பேரும் திருப்பிக் கொடுத்துட்டாங்க. நீ 1.4 எடு மாரி. கண்ணை மூடிட்டு எடு."

கண்ணைத் திறந்துகொண்டு எடுக்கத்தானே லென்ஸ் என்று பஸ் ஏறிய பிறகு தோன்றியது. பதில் எனக்கு எப்போதும் லேட்.

பால் வாங்க மறந்தேன்.

ஜன. 19, திங்கள்

4.20க்கு எழுந்தாயிற்று. வெந்நீர் இல்லை.

ஒரே ரோலில் மூன்றையும் பார்த்தேன், பன்னிரண்டு பன்னிரண்டு பிரேமாக. 400 வேக ரோல், வெளிச்சம் போதாததால் 800 என்று வைத்து எடுத்தேன். ஓடும் பஸ்ஸில் லென்ஸ் மாற்றுவது சர்க்கஸ். ஒரு மூடி வாயில், ஒரு லென்ஸ் இடுப்பில்.

பிள்ளைப்பாக்கத்தில் கற்பகம் அக்கா ஏறினார். முதல் சீட், வலது பக்கம். அவருடைய இடம் அது, சட்டத்தில் எழுதியது போல. பேக்கிங்கில் வேலை. ஊரில் இரண்டு மாடு, மூன்று போகமும் வரப்புச் சண்டை.

"இன்னாடி மாரி, காலங்காத்தால யார சுடப் போற?"

"போட்டோக்கா. உங்களையும் ஒண்ணு எடுக்கட்டுமா?"

"என்ன வுட்டுடு தாயி. கம்பெனி அட்டைல ஒட்டிக்கீற மூஞ்சி போதும். பொணம் மாதிரி கீது."

கேமராவைக் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டேன். உள்ளே போனுக்கே கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள்.

சாயங்காலம் பாத்ரூமில் ரோல் கழுவினேன். ரூம்மேட் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்தாள். அவளுக்கு ஒரு பரோட்டா பார்சல் கடன்.

ஜன. 20, செவ்வாய்

எந்த லென்ஸ் என்று முடிவாகாததால் காலையில் எடுக்கவில்லை. நெகட்டிவ் காய்ந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

58: சுழலுவதற்கு பஸ்ஸில் இலை ஏது? ஷட்டரும் மெதுவாகத்தான் வைக்க முடிந்தது. பன்னிரண்டில் பதினொன்று குலுக்கல். பூங்காவில் புதுமணத் தம்பதிகளுக்கு நல்ல லென்ஸ். எனக்கு இல்லை.

50: நல்லா இருக்கிறது. எல்லாமே நல்லா இருக்கிறது. கூந்தல் கூந்தலாக, கம்பி கம்பியாக. குறை சொல்ல ஒன்றும் இல்லை. பார்த்து முடித்ததும் ஒன்றும் மனதில் இல்லை.

55: பன்னிரண்டில் மூன்றுதான் போகஸ். முகத்தில் கூர்மையாக இருப்பது இரண்டு விரல் கனம். அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் கரைகிறது. மற்ற ஒன்பதும் குப்பை. ஆனால் அந்த மூன்று! தூங்கும் ஒரு பெண்ணின் கன்னத்திலிருந்து ஒளி மெல்லக் கசிகிறது. ஓரத்தில் தெருவிளக்குகள் எல்லாம் சிறகு விரித்த குருவிகள் மாதிரி. ஐந்தே காலுக்கு அரைத்தூக்கத்தில் கண்ணுக்கு பஸ் எப்படித் தெரியுமோ அப்படியே.

கார் முகப்பு விளக்கின் மூடியில் கீறல், குமிழ், புகை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நாள் முழுக்க. இந்த 55 லைனில் வந்தால் நானே தேறாததற்கான சிவப்புத் தொட்டியில் போடுவேன். அதுதான் தயக்கமாக இருந்தது. ஆனால் விளக்கு மூடிக்குக் கூடாதது முகத்துக்கும் கூடாதா என்ன?

நஸ்ரீனுக்கு போன்.

"1.2ஆ? பஸ்லயா? மாரி, நடக்கறதைப் பேசு. பத்துக்கு ரெண்டு கூட தேறாது."

"தேற வைக்கேன்."

"தோத்தா சுவர் போச்சு. அடுத்த வருஷம்தான்."

"சரி."

போனை வைத்தேன். மூன்று இட்லி.

வழி ஒன்று தோன்றியது. சீட்டுக்கும் சீட்டுக்கும் இடைவெளி பஸ் முழுக்க ஒன்றே. முன்சீட்டின் முதுகுக் கம்பியில் இடுப்பைச் சாய்த்தால், பின்சீட்டு முகம் எப்போதும் ஏறக்குறைய ஒரு கை தூரம். போகஸை அங்கே நிறுத்திவிட்டு, வளையத்தைத் தொடாமல் தலையை மட்டும் முன்னே பின்னே ஆட்டலாம். லைனிலும் அதைத்தான் செய்கிறேன், மூடியை ஆட்டாமல் கழுத்தை ஆட்டிக் கீறல் பிடிப்பது. சமையல் மேடையில் சுரைக்காயை வைத்து ஒரு மணி நேரம் பழகினேன். சுரைக்காய் ஒத்துழைத்தது.

ஜன. 21, புதன்

முப்பத்தோரு பிரேம். கழுத்து ஆட்டம் வேலை செய்தது. எடுக்கும்போதே தெரிந்தது, பிடித்துவிட்டேன் என்று.

வாசலில் புது செக்யூரிட்டி. கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் டோக்கனுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கிளிக் என்று சத்தம். நிமிர்ந்தால் பின்கதவு விரியத் திறந்திருக்கிறது, மேலே பெரிய விளக்கு, நாலு பேர் சுற்றி நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள்.

"மெமரி கார்டு எங்கம்மா?"

பாய்ந்து கதவை மூடினேன். பேசியது கற்பகம் அக்கா.

"யோவ், அது இன்னா டிபன் பாக்ஸா, தொறந்து பாக்க? அவ ரெண்டு நாளா நின்னுகினே வந்து எடுத்துக்கினு கீறா. ஒரு வார்த்த கேக்கத் தெரியாது?"

பாவம், அந்த மனிதருக்கும் என்ன நடந்தது என்று புரியவில்லை. பிலிம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. புரிந்ததும் முகம் சுண்டிப்போனது.

ரோலைக் கழுவிப் பார்த்தேன். முழுக்கக் கரி.

சாப்பிடவில்லை. அழுதேன். ரூம்மேட் தன் பரோட்டாவைப் பாதி பிய்த்து வைத்தாள்.

ஜன. 22, வியாழன்

மேகமூட்டம். பிரிட்ஜில் கறிவேப்பிலைக்குக் கீழே ஒரே ஒரு ரோல். நஸ்ரீனிடமும் 400 தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம்தான் வருமாம். முப்பத்தாறு பிரேம், ஒரு காலை.

"இப்பவாவது 1.4 போடு," என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். நியாயம்தான். ஒரே வாய்ப்பில் பத்துக்கு ஒன்பது தேறும் லென்ஸா, பத்துக்கு எத்தனை என்று தெரியாத லென்ஸா? பிரேக்கில் காகிதம் எடுத்து இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். 1.4 பக்கம் ஆறு வரி. 1.2 பக்கம் ஒரு வரி: 'இதுதான் எங்கள் பஸ்.' காகிதத்தைக் கிழித்தேன். 1.2.

இன்று கேமரா கொண்டு போகவில்லை. சும்மா நின்று பார்த்துக்கொண்டே போனேன். யார் எந்தத் தோளில் சாய்கிறார்கள், எந்த வளைவில் விழிக்கிறார்கள், மருதாணி வைத்தது யார், ஜன்னலில் கோலம் போடுவது யார். மனதுக்குள் முப்பத்தாறையும் எடுத்துவிட்டேன்.

இறங்கும்போது கற்பகம் அக்கா கையைப் பிடித்தார்.

"நாளிக்கி என்னையும் எடு."

"அன்னைக்கு வேண்டாம்னீங்க?"

"அன்னிக்கி வாணாம்னேன். உன்னுத அந்த ஆளு கெடுத்துட்டான்ல. இப்ப வோணும்."

ஜன. 23, வெள்ளி

ஏறியதும் ஏழுமலை அண்ணன் மூன்று விளக்கையும் போட்டார். "கடைசி நாள்மா. நான் எப்படியாவது ஓட்டிக்கிறேன், நீ எடு."

"வேண்டாம்ணே. தினம் எப்படிப் போடுவீங்களோ அப்படியே இருக்கட்டும்."

இரண்டை அணைத்தார். ஒரு விளக்கு, ஒரு பஸ், ஒரு ரோல். திறப்பு 1.2. ஷட்டர் நொடியில் முப்பதில் ஒரு பங்கு.

எடுத்தது, நினைவில் உள்ளவரை:
– தோளோடு தோள் தூக்கம், மூன்று பேர், ஒரே சால்வை.
– ஜன்னல் நீராவியில் விரல்.
– டிபன் மூடியைக் கண்ணாடியாக்கிப் பொட்டு வைக்கிறவள்.
– போனில் குழந்தையை எழுப்புகிற அம்மா. "எந்திரி சாமி, பல்லு தேய்."
– ஏழுமலை அண்ணனின் பிடரி.

பிள்ளைப்பாக்கத்தில் கற்பகம் அக்கா ஏறினார். புதுச் சேலை, தலை நிறையப் பூ. அவருக்காக நான்கு பிரேம் ஒதுக்கி வைத்திருந்தேன். முதலில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார், அட்டைப் போட்டோ மாதிரியே. பின்னால் யாரோ "அக்கா, மாடு பாக்க வந்த மாப்ள மாதிரி கீற" என்றாள். பாதி திரும்பி அவளைத் திட்ட வாயைத் திறந்து, பாதியில் சிரித்துவிட்டார். கழுத்தை ஒரு விரல் அளவு முன்னே நகர்த்தினேன். கண்ணிமை நின்றது. அழுத்தினேன்.

முப்பத்தாறும் தீர்ந்ததும் பஸ்ஸிலேயே ரோலைச் சுற்றி டப்பாவில் போட்டு மூடினேன். இனி யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அதே செக்யூரிட்டிதான். இரண்டு கையாலும் வாங்கி, துணியில் சுற்றி வைத்தார்.

ஜன. 24, சனி

வெயில். வாரவிடுமுறை. ரூம்மேட்டை வெளியே அனுப்பிவிட்டேன்.

9.40: பிலிம், கழுவும் டாங்கில்.
10.05: வெளியே எடுத்துத் துணிக்கொடியில் மாட்டினேன். முதல் பிரேம் பார்க்க தைரியம் இல்லை. தரையில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்தேன்.

முப்பத்தாறில் இருபத்தைந்து!

இருபத்தைந்து!! பத்துக்கு இரண்டு கூடத் தேறாது என்றாள் நஸ்ரீன். பாத்ரூமில் குதித்ததில் வாளி கவிழ்ந்தது.

கற்பகம் அக்காவின் படம் பதினேழாவது. இடது கண்ணும் பாதிச் சிரிப்பும் மட்டும் கூர்மை. பூவெல்லாம் ஒளியாகக் கரைந்து நிற்கிறது. பின்னால் இருபது முகம், ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய வெளிச்சம், ஆனால் யார் யாரென்று எனக்குத் தெரிகிறது. 1.4 இதைச் செய்திருக்காது. எதையும் விடாமல் காட்டியிருக்கும், இதைக் காட்டியிருக்காது.

நெகட்டிவைப் போனில் படம் பிடித்து, கறுப்பு வெள்ளையை மாற்றி அக்காவுக்கு அனுப்பினேன். பிறகு வாய்ஸ் மெசேஜ், பின்னணியில் மாடு:

"மாரி... இது நான்தானாடி? எங்க வூட்டுக்காரரு பாத்துட்டு போன வாங்கிக்கினு வெளில போய்க் குந்திக்கினாரு."

ஏழு முறை கேட்டேன்.

ஜன. 25, ஞாயிறு

திருவல்லிக்கேணி. வழியெல்லாம் நல்ல நெரிசல். தேர்ந்தெடுத்துப் போட்ட பன்னிரண்டு பிரிண்டுகளையும் மடியிலேயே வைத்திருந்தேன்.

தேர்வு செய்யும் அம்மா, போன வருடத்து அதே அம்மா, மேசையில் பன்னிரண்டையும் பரப்பினார். கண்ணாடியைக் கழற்றினார். போட்டார். பதினேழாவது பிரேமை, கற்பகம் அக்கா படத்தை, எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோனார். பேர் எழுதாமல்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி; நான் நஸ்ரீன் பக்கத்தில் கடை ஆள் போல நின்றேன்.

"இந்த ஆள் இந்த பஸ்ல தினம் போறவங்க," என்றார். "வெளியிலேருந்து வந்து எடுத்தது இல்லை."

நஸ்ரீன் என் காலை மிதித்தாள். வாசல் சுவர் எனக்கு. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுகிற சுவர்.

கீழே வந்து நஸ்ரீன் என் ஜூமை வாங்கிக்கொண்டு 55-ஐ என் பக்கம் தள்ளினாள். "எடுத்துட்டுப் போ. இன்னொரு தடவை இதைப் பத்தி நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்."

நெய் ரோஸ்ட். தனியாக. ராணி மாதிரி.

பிப். 1, ஞாயிறு

கண்காட்சித் திறப்பு விழா. 12ஆம் நம்பர்க்காரர்கள் பத்தொன்பது பேர் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். அந்த நீள அறையில் அவ்வளவு பவுடர் வாசனையும் அவ்வளவு சத்தமும் இதற்கு முன் இருந்திருக்காது. பொட்டு வைக்கிறவள் தன் படத்துக்கு முன்னால் நின்று மறுபடி பொட்டைச் சரி செய்தாள். ஏழுமலை அண்ணன் தன் பிடரியைப் பார்த்து, "முடி வெட்டியிருக்கலாம்," என்றார்.

தோளில் பை மாட்டிய ஒருவர் பதினேழாவதைக் காட்டி, போகஸ் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறதே என்றார். கற்பகம் அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ காலைல அஞ்சு மணிக்கி எழுந்து வா நைனா. உனக்கும் அப்படித்தான் தெரியும்."

சிரித்துச் சிரித்துத் தாடை வலி.

பிப். 2, திங்கள்

முதல் ஷிப்ட். ஏசி பஸ்ஸில் ஜலதோஷம். கேன்டீனில் பொங்கல்.

வரிசையில் பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டினாள். தெரியாத முகம், வேறு யூனிட் அட்டை. பேச்சில், தெற்கே எங்கள் சொந்த ஊர்ப் பக்கத்து வாடை.

"பஸ் போட்டோ எடுத்த அக்கா நீங்கதானா? மண்ணூர் ஹாஸ்டல்ல நாங்க நாப்பது பேரு இருக்கோம். காலைல தண்ணி வரும்போது அத்தன பேரும் குடத்தோட நிப்போம். எங்களயும் எடுப்பீங்களா? ஆனா அங்கன ஒரே ஒரு பல்புதான்க்கா எரியும்."

"எப்ப தண்ணி வரும்?" என்றேன்.