நட்சத்திரம் போட்ட வாக்கியம்

ஃபிரிஸ்கோ
8 செப்டம்பர் 2025

பிரியமுள்ள அத்தானுக்கு,

லீலா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுவது என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். போனில் நீங்கள் ஒரு காதில் என்னையும் மறு காதில் மீட்டிங்கையும் வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் சேர்த்து "ஓகே, ஓகே" என்கிறீர்கள். காகிதத்தை அப்படி வாசிக்க முடியாது பாருங்கள், அதனால்தான். நீங்கள் வேலைக்காக விமானம் ஏறி லிவர்மோர் போய் எட்டு மாதம் ஆகிறது. நானும் ஃபெமினாவும் கர்த்தர் கிருபையால் சுகம். ஹைஸ்கூல் போனதிலிருந்து அவள் என்னோடு பேசுவது "ஐ நோ, அம்மா" என்ற ஒன்றுதான்.

என் வகுப்பைப் பற்றி நீங்கள் கேட்கப்போவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். சர்ச் ஹாலில் செவ்வாயும் வியாழனும் பதினோரு பெண்கள். சூடான், ஈராக், சிரியா என்று ஊர் வேறு, எல்லோருக்கும் பாஷை வலமிருந்து இடமாக எழுதுகிற அரபி. இங்கிலீஷ் நோட்டைக்கூடக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். சாயர்புரத்தில் எட்டாம் வகுப்புக்கு நடத்தின அதே முறைதான் இங்கேயும். நான் ஒரு வாக்கியம் கொடுப்பேன், அதை மாற்றி எழுத வேண்டும். பிறகு அதே மாதிரி சொந்தமாக ஒன்று எழுத வேண்டும். சிவப்புப் பேனாவால் திருத்துவேன், நன்றாக இருந்தால் நட்சத்திரம். நாற்பது வயதுக்காரிகள் நட்சத்திரத்துக்குச் சண்டை போடுகிறார்கள் அத்தான்!

அதில் அமீரா என்று ஒருத்தி, ஓம்துர்மான்காரி, முப்பத்திரண்டு வயது. இரண்டு பெண் குழந்தைகள். கணவன் யாசிர் விசா கிடைக்காமல் இன்னும் சூடானிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று சொன்னாள். ரிச்சர்ட்சனில் மாமியாரோடு மூத்த மைத்துனர் வீட்டில் இருக்கிறாள். பத்தே மாதத்தில் இப்படி எழுதக் கற்றுக்கொண்டவளை நான் பார்த்ததில்லை. ஆனால் மாமியாருக்கு இந்த வகுப்பு வெட்டி வேலை. அடுத்த மாதம் நிறுத்தப் போகிறார்களாம்.

விடுவேனா? நன்றாகப் படிக்கிற பிள்ளையை வீட்டில் நிறுத்தினால் ஊரில் என்ன செய்வோம்? நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்ப் பெற்றவர்கள் முன்னால் வாசித்துக் காட்டுவோம். சனிக்கிழமை அதைத்தான் செய்யப்போகிறேன். அச்சு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறேன். வளைகுடாவில், தம்மாமில் ஒன்பது வருஷம் வேலை பார்த்து அரபி பேசின மனுஷன் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும். என்ன செய்வது, போனில் மொழிபெயர்ப்பு ஆப் இருக்கிறது, அது நான் கூப்பிட்டால் உடனே பேசுகிறது.

அன்புடன்,
லீலா

—

லிவர்மோர்
12 செப்டம்பர் 2025

அன்பு லீலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து இன்னும் போர்டில் எழுதுகிற மாதிரியே பெரிதாக இருக்கிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாசிக்கிற உணர்வு வந்தது.

இங்கே சௌகரியம்தான். மலை தாண்டி ஆபீஸ் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். சாப்பாடு ஏதோ ஓடுகிறது. ஊரார் வீட்டு விவகாரத்தில் அதிகம் தலையிடாதே. கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நமக்கு எந்த வம்பும் வேண்டாம். அச்சு முறுக்கு எனக்கும் கொஞ்சம் பார்சல் பண்ணக் கூடாதா?

ஃபெமினாவுக்கு முத்தம்.

காலேப்

—

ஃபிரிஸ்கோ
14 செப்டம்பர் 2025

அத்தான்,

நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிவிட்டேன். இதை நிறுத்தாமல் வாசியுங்கள்.

நேற்று போனேன். மாமியார் பேர் ஸைனப். என் கையைப் பிடித்து சோபாவில் உட்கார வைத்தார்கள். அமீரா டீ போட உள்ளே போனாள். அவள் வருவதற்குள் இந்த அம்மாவை அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஒரு அவசரம். நோட்டைத் திறந்தேன். "ஆல்தோ" வைத்து இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கும் பயிற்சி. அமீரா சொந்தமாக எழுதியதற்கு நான் நட்சத்திரம் போட்டு "வெரி குட்" என்றும் எழுதியிருந்தேன். அந்த வரிக்கு மேல் போனைக் காட்டி ஸ்பீக்கரை அமுக்கினேன். போன் அதைத் தெளிவான அரபியில் சத்தமாக வாசித்தது.

அமீரா எழுதியிருந்தது இதுதான்: "பிப்ரவரியில் என் கணவர் இறந்துபோனாலும், அவருடைய அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருக்கு சலாம் அனுப்புகிறார்."

அத்தான், நான் அதைத் திருத்தியிருக்கிறேன். "டை" என்று இருந்ததை "டைட்" ஆக்கியிருக்கிறேன். கமா போட்டிருக்கிறேன். ஆனால் வாசிக்கவில்லை. இருபது வருஷமாக நோட்டுத் திருத்தின கண் இது. இலக்கண நோட்டில் ராமன் பாம்பைக் கொல்வான், விவசாயி கிணற்றில் விழுவான், யாருக்காவது அழுதிருக்கிறோமா? இதுவும் அப்படி ஒன்று என்று என் கை நட்சத்திரம் போட்டுவிட்டது. அவள் எங்கேயும் சொல்ல முடியாததை அந்த நோட்டில் எழுதி என்னிடம் கொடுத்திருக்கிறாள்.

அந்த அம்மா கத்தவில்லை. என் போனைப் பார்த்தார்கள். அவர்களே விரலை நீட்டி ஸ்பீக்கரை இன்னொரு தடவை அமுக்கினார்கள். அது மறுபடியும் சொன்னது. அப்போதுதான் அமீரா டீ தட்டோடு வந்தாள்.

அவர்களுக்கு இருதயம் பலவீனம் என்பதால், மகன் இறந்ததை வீட்டில் எல்லோரும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். ஏழு மாதம். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா வாட்ஸப்பில் மகனுக்குக் குரல் அனுப்புவார்களாம். யாசிர் பேரில் அமீரா பதில் தட்டி, "அங்கே நெட் சரியில்லை, பேச முடியாதாம்" என்று வாசித்துக் காட்டுவாளாம். இதையெல்லாம் வாசலில் வைத்து மைத்துனர் எனக்கு இங்கிலீஷில் சொன்னார். அமீரா என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

நீங்கள் வாருங்கள். ஒரே ஒரு நாள் போதும். அந்த அம்மாவிடம் நான் பேச வேண்டும், அமீராமேல் கோபப்படாதீர்கள் என்று சொல்ல வேண்டும். என் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியாது. மைத்துனர் என்ன சொல்லி மொழிபெயர்ப்பார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் போனின் குரலில் இனி அந்த வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வகுப்புப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனால் அந்த வீட்டு விஷயம் ஊரெல்லாம் பரவிவிடும்; அவர்களை விட்டால் எனக்குத் தெரிந்து அரபி பேசுகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

லீலா

—

லிவர்மோர்
19 செப்டம்பர் 2025

அன்பு லீலா,

வாசித்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நீ வேண்டுமென்று செய்யவில்லை, அது எல்லோருக்கும் தெரியும்.

இப்போது வருவது கஷ்டம். மாதக் கடைசியில் ப்ராஜெக்ட் ரிலீஸ், மேனேஜர் புதுசு. அதோடு ஒன்று கேள். அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாளைக்கு உன்மேல் பழி வரும். மன்னிப்பு என்று வாயால் சொல்லாதே, எழுதியும் கொடுத்துவிடாதே. இந்த ஊரில் மன்னிப்புக் கேட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி. கார்டு நேரம் இது.

அமீரா செய்ததிலும் எனக்குத் தப்புத் தெரியவில்லை. மறைப்பதும் பாசம்தான். உன் அப்பா விஷயத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தானே செய்தோம்? நீ அஞ்சாம் மாதம், தம்மாமில் பெட் ரெஸ்ட்டில் கிடந்தாய். அப்பா தவறிப்போன செய்தியைச் சொல்லியிருந்தால் பிள்ளை தங்கியிருக்குமா? பிரசவம் வரை நாலு மாதம் நானும் உன் அம்மாவும் எவ்வளவு பாடுபட்டோம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. நீயும் இந்தப் பதினாலு வருஷத்தில் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

கொஞ்ச நாள் போனால் எல்லாம் ஆறிவிடும்.

காலேப்

—

ஃபிரிஸ்கோ
23 செப்டம்பர் 2025

அத்தான்,

ஆறவில்லை. மைத்துனர் அமீராவை வெளியே அனுப்பிவிட்டார். "என் அம்மாவிடம் ஏழு மாதம் தம்பி பேரில் பேசினவள் இங்கே இருக்கக் கூடாது" என்றாராம். மறைக்கச் சொன்னது அவர்தான்! இப்போது எல்லாம் அவள் தலையில். என் வகுப்பில் நூர் என்று ஈராக்கிப் பெண் ஒருத்தி, அவள் வீட்டு சோபாவில் அமீராவும் இரண்டு பிள்ளைகளும் படுத்திருக்கிறார்கள். அந்த அபார்ட்மெண்டில் வெளியாட்களை வைத்துக்கொள்ளக் கூடாது, எத்தனை நாள் முடியும்? ஸைனப் அம்மா கஞ்சிகூடக் குடிப்பதில்லையாம்.

நூர் சொல்கிறாள், "அம்மா ஒரு வார்த்தை சொன்னா போதும் டீச்சர், மகன் மீற மாட்டான்." அமீராவை வைத்திருப்பதால் நூர் அந்த வாசலுக்குப் போக முடியாது, அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கோ வாய் இல்லை.

வர வேண்டாம். போனில் பத்து நிமிஷம் பேசுங்கள். லஞ்ச் நேரத்தில், காரில் உட்கார்ந்து பேசுங்கள். நான் போனை அவர்கள் பக்கத்தில் வைக்கிறேன். லீலா தெரியாமல் செய்துவிட்டாள், அமீராவை உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். கார்டு போனால் போகட்டும் அத்தான். சிவப்புப் பேனாவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இந்த வாரம் வகுப்புக்குப் போய் ஹாலுக்கு வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உங்கள் காலில் விழுகிறேன் என்று எழுத வேண்டுமா? எழுதிவிட்டேன்.

அப்பா விஷயத்துக்குப் பிறகு பதில் சொல்கிறேன்.

லீலா

—

லிவர்மோர்
30 செப்டம்பர் 2025

லீலா,

கோபப்படாதே. என் அரபி சைட் அரபி. வால்வைத் திற, ஷிஃப்ட் முடிந்தது, சம்பளம் எப்போது, இவ்வளவுதான் பேசியிருக்கிறேன். துக்க வீட்டில் பேசுகிற அரபி எனக்கு வராது. தப்பாக ஒன்று சொல்லிவிட்டால் இன்னும் விபரீதம். பயமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்.

அவர்கள் விலாசம் அனுப்பு, ஒரு நல்ல பழக்கூடை ஆர்டர் பண்ணிவிடுகிறேன். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங்குக்கு எப்படியும் வருகிறேன், அப்போது உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

வகுப்பை விட்டுவிடு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீயும் இங்கேயே வந்துவிடேன்.

காலேப்

—

ஃபிரிஸ்கோ
5 அக்டோபர் 2025

காலேப் அத்தானுக்கு,

நேற்று நானே போய்விட்டு வந்தேன்.

வியாழக்கிழமை வகுப்பில் நான் பாடம் எடுக்கவில்லை. மூன்று வாக்கியங்களை அரபியில் எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன். "இல்லை டீச்சர், மறுபடி" என்று பத்துப் பேரும் மாறி மாறித் திருத்தினார்கள். தப்பாகச் சொன்ன இடத்தையெல்லாம் அடித்து அடித்து எழுதி, இரண்டு பக்கம் ஆகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

அமீராவும் கூட வந்தாள். அவள் வாசற்படியிலேயே நின்றாள். நான் போய் ஸைனப் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து அந்த மூன்றையும் சொன்னேன். வாசிக்காமல் திருத்தினேன். தப்பு என்னுடையது. அமீராவை உள்ளே கூப்பிடுங்கள். என் அரபி எப்படி இருந்ததோ, அவர்களுக்குப் புரிந்தது. பதிலுக்கு அரபியில் ஏதோ சொன்னார்கள். எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. மைத்துனர் எனக்கு அதை மொழிபெயர்க்கவில்லை. அமீராதான் வாசலில் நின்றபடி எனக்கு இங்கிலீஷில் சொன்னாள். அவளைப் பற்றிய குற்றச்சாட்டை அவளே மொழிபெயர்த்தாள் அத்தான்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஒரு துவா, செத்துப்போன பிள்ளைக்கு வேற துவா. ஏழு மாசமா அவனுக்குக் குளிரக் கூடாது, பசிக்கக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். அவனுக்கு வேண்டியது அது இல்ல. மன்னிச்சு ஏத்துக்கோன்னு அவனுக்காகக் கேக்க இந்த வீட்டுல யாரும் என்னை விடல."

அப்புறம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா என்று அமீராவிடம் சொன்னார்கள். அமீராவுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் உள்ளே வந்து அவள் போட்ட டீயை அவர்கள் தொடவில்லை. கிளம்பும்போது அமீரா என் கையைப் பிடித்து, "நீங்க நல்லவங்க டீச்சர். இனிமே வராதீங்க" என்றாள். வகுப்புக்கும் வர மாட்டாள். எனக்கு வேண்டியதுதான்.

காரில் ஏறி உட்கார்ந்து அழுதேன். அவளுக்காக அழுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்பாவுக்கு முட்டி வலி, அதனால் போனுக்கு வர முடியவில்லை என்று நாலு மாதம் சொன்னீர்கள். நான் அந்தக் கட்டிலில் படுத்தபடியே ராத்திரியும் பகலும், கர்த்தாவே என் அப்பாவின் முட்டியைச் சுகமாக்கும் என்று ஜெபம் பண்ணினேன். உண்ணாமல்கூட ஒரு நாள் இருந்து பார்த்தேன், நீங்கள் திட்டினீர்கள். நான் ஜெபம் பண்ணும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொன்னீர்கள். குறை சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை கையில் இருந்தது, என்ன சொல்வது? இப்போது சொல்கிறேன். நீங்கள் எனக்கு அநியாயம் பண்ணினீர்கள். பாசத்தோடுதான் பண்ணினீர்கள். என் அப்பாவுக்காக அழ வேண்டிய நாலு மாதத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

எட்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆசையாக வந்து, "மாமா சொல்லியனுப்பினாங்க, பொம்பளப் பிள்ளைன்னா ஃபெமினான்னு வைக்கணுமாம்" என்றீர்கள். அப்பா அடக்கம் பண்ணப்பட்டு அப்போது மூன்று மாதம். அந்தப் பேர் அப்பா சொன்னதில்லை என்று நாளைக் கணக்குப் பார்த்து எனக்கு என்றைக்கோ தெரியும். கேட்கவில்லை. கேட்டால் பிள்ளைக்கு அப்பா வைத்த பேர் இல்லாமல் போய்விடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

நேற்று சாயங்காலம் ஃபெமினா ஸ்கூல் வேலை ஒன்றுக்காக என்னிடம் வந்து, "அம்மா, தாத்தா எனக்கு ஏன் இந்தப் பேர் பிக் பண்ணினார்? வாட் டிட் ஹீ ஸே?" என்று கேட்டாள். பதினைந்தாம் தேதி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். உன் அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

தேங்க்ஸ்கிவிங் வரை நான் காத்திருக்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை வந்து, அந்தப் பேரை வைத்தது யார் என்று அவளுக்கு நீங்களே சொல்லுங்கள். இதற்கு அரபி தேவையில்லை. நீங்கள் வராவிட்டால் சனிக்கிழமை காலையில் நான் சொல்லிவிடுவேன், அதற்குப் பிறகு நீங்கள் இந்த வீட்டுக்கு வர வேண்டாம்.

ஜெயலீலா